துணைக்குரல்

"மைக்கைத் தின்னப் போறது மாதிரி பேசாதீங்க அண்ணாச்சி. கொஞ்சம் தள்ளி வைங்க. எங்கே, இன்னொரு தடவை."

பொன்னுத்துரை தொண்டையைச் செருமினார். சட்டைப் பையில் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த, சிகிச்சைக்காகக் கழற்றிய மனைவியின் தாலிச் சங்கிலியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, கல்யாண மண்டபத்தில் பந்தி தயார் என்று அறிவிப்பவரைப் போல முழங்கினார்.

"மூச்சை உள்ளே இழுக்கவும்! அப்படியே நிறுத்தவும்!"

அமலி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். திருநெல்வேலிப் புறவழிச்சாலையில் இருந்த அந்தப் புற்றுநோய் மருத்துவமனையில், கதிர்வீச்சு மெஷினை இயக்குகிற வேலை அவளுக்கு. குரல் பதிவதும் அவள் வேலைதான். புது மெஷின் வந்ததிலிருந்து சேர்ந்துகொண்ட வேலை.

"வீட்டுல அக்காகிட்ட எப்படிப் பேசுவீங்களோ, அப்படிப் பேசுங்க."

"வீட்டுல என்னத்தப் பேச? 'ஏய், காப்பி'ம்பேன். 'ஏய், சாவி எங்க'ம்பேன்."

"பேர் சொல்லிக் கூப்பிட மாட்டீங்களா?"

"வீட்டுக்குள்ள இருக்கதே ரெண்டு பேரு. 'ஏய்'னா அவதான். நானே என்னயக் கூப்பிட்டுக்கவா போறேன்?"

"சரி, அந்த 'ஏய்'யையே போடுங்க."

பொன்னுத்துரை மைக்கை மறந்தார். கோவில்பட்டியில் அவருடைய கடலைமிட்டாய்ப் பட்டறையில் பாகு கொதிக்கிற சத்தத்துக்கு மேலாகப் பேசிப் பேசிப் பழகிய குரல் அது. "ஏய்! மூச்ச இழு! ம்... நிப்பாட்டு!"

அடுத்த அறையில் மார்பில் ஒட்டுக்கம்பிகளோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி செண்பகவல்லியின் தோள்கள் அரை அங்குலம் உயர்ந்து அப்படியே நின்றன. அமலி அதைக் கவனித்தாள். மெஷினும் கவனித்தது.

இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்று டாக்டர் ஜெரினா முதல் நாளே புருஷன் பெண்டாட்டி இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்.

"கட்டியத்தான் மார்போட எடுத்தாச்சே டாக்டர்? பொறகு எதுக்குக் கரண்ட் வைக்கணும்?" என்று கேட்டார் பொன்னுத்துரை.

"கட்டி ஒரு வீடுன்னு வச்சுக்குங்க. வீட்டை இடிச்சாச்சு. ஆனா அந்த வீட்டு ஆளுங்க பஸ் ஸ்டாப்புல நிக்கலாம் இல்லையா? அக்குள், கழுத்தெலும்புக்கு மேலே, நெஞ்செலும்புக்குப் பின்னாடி, இந்த மூணு இடத்துலயும் வரிசையா சின்னச் சின்ன நிணநீர் முடிச்சு இருக்கு. நீங்க நெறிக்கட்டின்னு சொல்வீங்களே, அது. அதுதான் பஸ் ஸ்டாப். அக்குள்ல எடுத்துப் பார்த்தோம், ஆள் நின்னுட்டிருந்தான். நெஞ்செலும்புக்குப் பின்னாடி கத்தி போகாது. கதிர்தான் போகணும்."

"போட்டும். யாரு வேண்டாம்னா?"

"அதுக்கு ஒட்டினாப்புலயே இதயம் இருக்கு. இடது பக்கம் பாருங்க. கீமோ மருந்துல இவங்க இதயம் ஏற்கெனவே கொஞ்சம் தளர்ந்து போயிருக்கு. கதிரும் பட்டா தாங்காது."

செண்பகவல்லி அப்போதுதான் முதன்முதலாக வாயைத் திறந்தாள். "அப்ப ரெண்டுல ஒண்ணுதானா டாக்டர்?"

"இல்லம்மா. நல்லா மூச்சை இழுத்து நிறுத்தினீங்கன்னா நுரையீரல் விரிஞ்சு இதயத்தைப் பின்னாடி தள்ளிடும். நடுவுல ஒரு சந்து கிடைக்கும். இந்த மெஷின் அந்தச் சந்துல நூல் மாதிரி கதிரை விடும். ஆனா மூச்சு நின்னா மட்டும் போதாது, நெஞ்சும் அமைதியா துடிக்கணும். பதறினா மெஷின் தானே நின்னுடும்."

"நின்னுட்டா?"

"அந்த இடத்துக்குக் கதிர் கிடையாது. அங்கே ஒருத்தன் மிச்சம் இருந்தாலும் ரெண்டு மூணு வருஷத்துல எலும்புல வந்து நிப்பான்."

செண்பகவல்லி பதறினாள். இரும்புக் கதவு மூடி, கூரைமேல் சிவப்பு விளக்கு எரிந்து, தனியாகப் படுக்க வைத்தாலே பலருக்குப் பதறும். மருத்துவமனையின் பொதுக்குரல் மூச்சை இழுக்கச் சொன்னது. இழுத்தாள். நெஞ்சு தறிபோல அடித்தது. மெஷின் நின்றது. மறுபடி. மறுபடியும் நின்றது.

அதற்காகத்தான் துணைக்குரல். நோயாளியின் உடம்பு எந்தக் குரலுக்கு முழுதாகக் காது கொடுக்கிறதோ அந்தக் குரலைக் கண்டுபிடித்து, அதைக்கொண்டே மூச்சைப் பிடிக்கச் சொல்வது. ஓசூரில் இருந்த மகள் மதுமிதா போனில் பேசி அனுப்பினாள். அவள் குரலைக் கேட்டதும் செண்பகவல்லிக்கு அழுகை வந்தது, மூச்சு நிற்கவில்லை. தங்கை பேசி அனுப்பினாள். உடம்பு கண்டுகொள்ளவே இல்லை.

பொன்னுத்துரையின் "ஏய்" போனதும் திரையில் அவள் நெஞ்சின் படபடப்பைக் காட்டும் கோடு குத்துக்கோலாக நிமிர்ந்தது.

"இவரேதான்," என்றார் டாக்டர்.

பொன்னுத்துரைக்குப் பெருமை பிடிபடவில்லை. வெளியே காத்திருப்போர் வரிசையில் இருந்த எல்லோரிடமும் சொன்னார். "மக குரலுக்குக் கேக்கல, கூடப் பொறந்தவ குரலுக்குக் கேக்கல. எனக்குக் கேக்குது பாத்தீகளா? இருவத்தாறு வருசத் தாம்பத்தியம், சும்மாவா?"

உள்ளே அமலி டாக்டரிடம் மெதுவாகக் கேட்டாள். "மேடம், அந்தக் கோடு அன்பால நிமிர்ந்த மாதிரி தெரியலையே. பயந்த மாதிரியில்ல இருக்கு?"

"பயம்தான்."

"அப்புறம் எப்படி மேடம்?"

"அன்போ பயமோ, உடம்பு கவனிக்கணும். அவ்வளவுதான் இதுக்கு வேணும். மிச்சத்தை மெஷின் பார்த்துக்கும்." டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குரலைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்திப் பார்க்கும். வேகத்தைக் குறைக்கும், ஒரு சொல்லை எடுக்கும், இன்னொண்ணைப் போடும். ஒவ்வொரு தடவையும் அவங்க நெஞ்சு என்ன சொல்லுதுன்னு கேக்கும். நெஞ்சு எங்கே அமைதியாகுதோ அங்கே போய் நிக்கும்."

"அப்போ அது அவர் குரலா இருக்குமா?"

"நாம பார்க்கிறது புற்றுநோயை, அமலி. குடும்பத்தை இல்லை."

மெஷின் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. முதலில் சத்தம் தணிந்தது. பிறகு "ஏய்" போயிற்று. அந்த இடத்தில் எதையெதையோ வைத்துப் பார்த்தது. "இந்தா" என்றது, "இங்க பாரு" என்றது, "ஏம்மா" என்றது. ஒரு நாள் "செம்பகம்" என்று சொல்லிப் பார்த்தது. கோடு சட்டென்று படுத்துவிட்டது, காற்று நின்ற குளம்போல.

அன்று செண்பகவல்லி மேசையில் இருந்து இறங்காமல் படுத்தபடியே கேட்டாள்.

"ஏம் பிள்ள, அது யாரு பேசுதது?"

"உங்க வீட்டுக்காரர்தான்க்கா."

அவள் சிரித்தாள். தலைமுடியும் புருவமும் இல்லாத முகத்தில் அந்தச் சிரிப்பு மட்டும் இளமையாக இருந்தது. "ஆளு யாருன்னு எனக்குத் தெரியாதாக்கும்? இவுக செம்பகம்னு என்னைக்குக் கூப்பிட்டாக? பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, 'பேரென்ன'ன்னு கேட்டாக. அதோட சரி."

"குரல் அவரோடதுதான். பேச்சு மட்டும் மெஷின் வச்சது."

"நல்ல மெஷினு," என்றாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டே, "இந்தக் குரல்ல பேசுதவுகள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக விடுவீகளா?"

அமலி சிரித்து வைத்தாள். அவளுக்கு அது முழுக்க வேடிக்கையாகப் படவில்லை.

தினமும் ஒரே மாதிரிதான். செண்பகவல்லி இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கொக்கியில் வைத்துப் படுப்பாள். மார்பிலும் கழுத்திலும் போட்டிருந்த மை அடையாளங்களில் பச்சை ஒளிக்கோடு வந்து பொருந்தும். அமலி வெளியே போய் இரும்புக் கதவை மூடுவாள். பிறகு அறைக்குள் அந்தக் குரல் பேசும்.

"அவசரமில்ல செம்பகம். நான் இங்கதான் இருக்கேன். மெதுவா இழு... போதும். அப்படியே இரு."

அவளுடைய மார்பு உயர்ந்து நிற்கும். கதிர் நூல்போல உள்ளே போகும். முடிந்ததும், மூச்சை விடச் சொல்வது மட்டும் மெஷினின் வேலை இல்லை. கதிர் நின்றுவிட்டது என்று மனுஷக் கண்ணால் பார்த்து, மனுஷ வாயால்தான் சொல்ல வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. அமலி தன் மைக்கில் சொல்வாள்.

"விடலாம்க்கா."

மார்பு இறங்கும். பிறகு மறுபடியும் அந்தக் குரல். மறுபடியும் அமலி. ஒரு நாளைக்குப் பல தடவை. அவள் "விடலாம்" சொல்லாதவரை செண்பகவல்லி விடவே மாட்டாள். ஒரு தடவை தும்மல் வந்து அமலி சொல்லத் தாமதமானபோது, அவள் உதடு நீலம் பாரிக்கும்வரை பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

"உங்களுக்கே முடியலைன்னா விட்டுடலாம்க்கா, அதுக்காக இப்படியா?"

"நீ சொல்லலையே பிள்ள."

கதிர்போட்ட இடத்தில் தோல் கறுத்தது. எச்சில் விழுங்கத் தொண்டை எரிந்தது. பொன்னுத்துரை தினமும் வெளியே இளநீரோடு நின்றார். வாங்கிக் கொடுக்கும்போதே, "ஏய், சிந்தாம குடி, பேயறஞ்ச மாதிரி நிக்காத," என்பார். அவர் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. பட்டறையை மச்சினனிடம் விட்டுவிட்டு, மருத்துவமனைக்கு எதிரே லாட்ஜில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு மதியம், கட்டுப்பாட்டு அறையில் ஏ.சி. பழுதாகிக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். மாத்திரைச் சீட்டில் ஏதோ சந்தேகம் கேட்பதற்காக உள்ளே எட்டிப் பார்த்த பொன்னுத்துரை, ஒலிபெருக்கியில் ஒரு ஆண்குரலைக் கேட்டார்.

"நான் இங்கதான் இருக்கேன் செம்பகம். எங்கயும் போகல."

திரையில் அவர் மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு ஒட்டியிருந்தது. அந்தச் சிரிப்பை அவர் பார்த்ததே இல்லை.

"யாரும்மா உள்ள?" என்றார்.

அமலி திடுக்கிட்டுத் திரும்பினாள். கை தன்னால் மைக்குக்குப் போயிற்று. "விடலாம்க்கா." பிறகுதான் பதில். "உள்ளே யாரும் இல்லை அண்ணாச்சி. அக்கா மட்டும்தான்."

"எம் பொண்டாட்டிய ஒருத்தன் பேர் சொல்லிக் கூப்பிடுதான். காது செவிடா எனக்கு?"

"அது உங்க குரல்தான்."

"எங் குரலா?" அவர் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நான் எப்ப அவள செம்பகம்னேன்?"

அமலி விளக்கினாள். எவ்வளவு பதமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பதமாகச் சொன்னாள். அவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். முகம் சிவந்திருந்தது, ஆனால் சத்தம் போடவில்லை. தணிந்த குரலில் பேசினார். அந்தத் தணிந்த குரலைக் கேட்டு அமலி நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டாள்.

"எங் குரல வாங்கி வேற எவனையோ செஞ்சு உள்ள படுக்கப் போட்டிருக்கீக. நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? வேண்டாம். அந்தக் குரல எடுத்துருங்க. நான் தரல."

விதி அவர் பக்கம் இருந்தது. குரல் கொடுத்தவர் எப்போது வேண்டாம் என்றாலும் அதோடு நிறுத்திவிட வேண்டும். டாக்டர் ஜெரினா கூப்பிட்டுப் பேசினார். "கடைசி வாரம்தான் பாக்கி. ஆரம்பத்துல மெஷின் நின்னு நின்னு போனதால, நெஞ்செலும்புக்குப் பின்னாடி போற கதிர்ல பாதிதான் முடிஞ்சிருக்கு. பாதியில விட்டா போடாததுக்குச் சமம். உங்க சம்சாரம் உயிர் சம்பந்தப்பட்டது."

"அவ உயிருக்கு நான் எதிரியா டாக்டர்? மூச்ச இழுன்னு சொல்லணும், அவ்வளவுதான? நானே சொல்லுதேன். நேரா. புருசன் இருக்கையில பொம்மை எதுக்கு?"

டாக்டர் மறுநாளைக்கு நேரம் குறித்தார். "சரி, வாங்க. சொல்லுங்க."

மறுநாள் செண்பகவல்லியைப் படுக்க வைத்தார்கள். பொன்னுத்துரை கட்டுப்பாட்டு அறையில் அமலியின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி இட்டு வந்திருந்தார். மைக்கை இந்தத் தடவை சரியான தூரத்தில் பிடித்தார்.

"ஏய், நான்தான். மூச்ச இழு."

திரையில் கோடு எகிறியது. ஓரத்தில் சிவப்பு மின்னியது. மெஷின் நின்றது.

"என்ன, ரிப்பேரா?"

"இல்லை அண்ணாச்சி. இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஏய், ஒண்ணுமில்ல, சும்மா இழு. பயப்படாத. எதுக்குப் பயப்படுத? பயப்படாதன்னு சொல்லுதேம்லா!"

கோடு இன்னும் மேலே போனது. மெஷின் அசையவில்லை.

அவர் நெற்றியைத் துடைத்தார். விபூதி கலைந்தது. குரலைத் தணித்துப் பார்க்கலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். அடிவயிற்றிலிருந்து மெதுவாகச் சொன்னார். "இந்தா... மூச்ச இழு."

அதுவரை காணாத உயரத்துக்குக் கோடு பாய்ந்தது. கோட்டின் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. எச்சரிக்கை மணி அடித்தது. அமலி கையை நீட்டி அவர் மைக்கை அணைத்தாள்.

"மெதுவாத்தான சொன்னேன்?" என்றார். முதன்முறையாக அந்தக் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. "சத்தமே போடலயே."

அவர் திரையைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு தானாகவே பேசினார், யாருக்கும் சொல்லாததுபோல. "கோவம் தலைக்கேறுனா எனக்குச் சத்தம் வராது. தணிஞ்சு போயிரும். அதுக்கப்புறந்தான் கைக்கு எது கிடைக்குதோ..." நிறுத்தினார். "பட்டறையில இருந்து வண்டி தெருமுனை திரும்பும்போதே டி.வி. அணைஞ்சிரும். மரியாதைன்னுல்லா நினைச்சேன்."

உள்ளே கேமராவில் செண்பகவல்லி படுத்திருந்தாள். கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

"அந்தக் கோடு..." என்றார்.

"அது அக்காவோட நெஞ்சு அண்ணாச்சி."

அவர் எழுந்துகொண்டார். நாற்காலியை ஓசைப்படாமல் நகர்த்தினார்.

"அவனையே பேசச் சொல்லுங்க."

மிச்சமிருந்த நாட்களில் அவன்தான் பேசினான். பொன்னுத்துரை ஒன்று மட்டும் கேட்டார்: தானும் கேட்க வேண்டும். அமலி ஒரு ஹெட்போனைக் கொடுத்து ஓரமாக ஸ்டூலில் உட்கார வைத்தாள். பரீட்சைக்குப் படிக்கிறவரைப் போல அவர் கேட்டார். உதடுகள் அசைந்தன. "அவசரமில்ல செம்பகம்." கேட்டதை வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "போதும். அப்படியே இரு." குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, 'செம்பகம்' என்பதை எவ்வளவு நேரம் இழுக்க வேண்டும்... பட்டறையில் பாகின் பதம் பார்க்கிறவருக்கு இதன் பதமும் பிடிபட்டுவிட்டது. பக்கத்தில் அமலி மைக்கில் சொன்ன 'விடலாம்' என்ற சொல்லை அவர் கவனிக்கவே இல்லை. அது ஆஸ்பத்திரிச் சமாச்சாரம்.

கடைசி நாள் முடிந்ததும் செண்பகவல்லி மேசையை விட்டு இறங்க நேரம் எடுத்துக்கொண்டாள்.

"இனி அவுகள என்ன செய்வீக?"

"அழிச்சிடணும்க்கா. விதி."

"ம்." மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். "சொல்லிட்டுப் போவணும்னு தோணுது. யார்ட்டப் போயிச் சொல்ல?"

வெளியே பொன்னுத்துரை கைக்குட்டையை அவிழ்த்துத் தாலிச் சங்கிலியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரிசையில் ஆட்கள் இருந்தார்கள். சொல்லவில்லை.

மறுபரிசோதனைக்கு அவர்கள் வந்தபோது குளிர்காலம் போய் வெயில் ஏறியிருந்தது. செண்பகவல்லிக்குத் தலையில் சுருள்சுருளாக முடி வந்திருந்தது. அக்குளில் நெறிக்கட்டி எடுத்த இடது கை கொஞ்சம் வீங்கியிருந்தது, அதற்கு இறுக்கமான உறை மாட்டியிருந்தாள். ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்துக்கு எக்கோ எடுத்தார்கள்.

"ஒருத்தனும் இல்லை," என்றார் டாக்டர் ஜெரினா, படத்தை விளக்கில் பிடித்து. "பஸ் ஸ்டாப் காலி. இதயத்துலயும் ஒரு கீறல் கிடையாது. இந்த மெஷினுக்கு உங்களை விட நல்ல சாட்சி வேணாம்."

அமலி நடையில் அவர்களைப் பார்த்தாள். பொன்னுத்துரை மனைவியின் பையைத் தான் சுமந்துகொண்டு முன்னே வந்தார்.

"பாத்து செம்பகம். அங்க ஒரு படி இருக்கு. அவசரமில்ல, மெதுவா வா."

நடையில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஆம்பளைன்னா இப்படியிருக்கணும்," என்று ஒரு நர்ஸ் இன்னொருத்தியின் காதில் சொன்னாள். அமலிக்குச் சிலிர்த்தது. அதே குரல். அதே ஏற்ற இறக்கம். மெஷினிலிருந்து அழித்தது இதோ வேட்டி கட்டி நடந்து வருகிறது.

பிறகுதான் செண்பகவல்லியைப் பார்த்தாள்.

படிக்கு முன்னால் நின்றுவிட்டிருந்தாள். மார்பு உயர்ந்து, அப்படியே நின்றிருந்தது. இடது கை மெல்ல மேலே எழுந்துகொண்டிருந்தது. கண்கள் எதையும் பார்க்கவில்லை. அந்தத் தோரணையை அமலி கேமராவில் எத்தனை முறை பார்த்திருக்கிறாள்!

உதடு நிறம் மாறத் தொடங்கியது.

"விடலாம்க்கா," என்றாள் அமலி, தன்னை அறியாமல்.

மூச்சு இறங்கியது. கை இறங்கியது. செண்பகவல்லி அவளைப் பார்த்துச் சிரித்தாள். கூட்டத்தில் ஊர்க்காரியைக் கண்டுகொண்ட சிரிப்பு.

பொன்னுத்துரை மருந்து வாங்கப் போனதும் அமலி அவளைத் தன் அறைக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தாள்.

"எவ்வளவு நாளாக்கா இப்படி?"

"வீட்டுக்குப் போன மறுநாளே. காலையில எந்திரிச்சு அடுப்படிக்கு வந்து, 'செம்பகம், காப்பி இருக்கா'ன்னாக. அந்தக் குரல்ல. எனக்கு நெஞ்சு அப்படியே நின்னு போச்சு. அடுத்து நீ சொல்லணும்லா, சொல்லுவன்னு காத்துட்டே நிக்கேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழியுது." அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு மூணு தடவ கண்ணு இருட்டி விழுந்துட்டேன். அவுக பதறிப்போயி வந்து தாங்கிப் பிடிச்சுக்கிட்டு, 'நான் இங்கதான் இருக்கேன் செம்பகம்'ங்காக. அப்ப அதுக்கு ஒரு தடவ நிக்கும்."

"அவர்கிட்டச் சொன்னீங்களா?"

"எதுக்கு?"

"எதுக்கா? 'விடு'ன்னு ஒரு சொல் கூடச் சேர்த்துச் சொல்லச் சொல்லலாமே!"

"அதையும் ஒரு நாள் செஞ்சு பாத்தேன். காரணஞ் சொல்லாம, 'கொஞ்சம் விடுன்னு சொல்லுங்க'ன்னு கேட்டேன். 'எதை விட?'ன்னாக, 'விட்டுட்டேன் எல்லாத்தையும், பழச எல்லாம்'னு கண்ணு கலங்கிட்டாக. அவுக வாயில அந்தச் சொல்லு வந்தும் எனக்கு விடல பிள்ள. அது உன் குரல்லதான் விடும்போல."

"அப்போ அந்தக் குரல்லயே பேச வேண்டாம்னு சொல்லிடுங்க. விஷயத்தைச் சொன்னா புரிஞ்சுப்பார். இப்பத்தான் மாறிட்டாரே!"

செண்பகவல்லி உறை மாட்டிய கையை மடியில் எடுத்து வைத்து, இன்னொரு கையால் நீவிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்னா வேற எந்தக் குரல்ல பேசுவாக? அவுகளுக்குத் தெரிஞ்சது ரெண்டுதான்." நிமிர்ந்தாள். "அதுக்கு இது பரவால்ல. இதுல மூச்சுதான நிக்குது."

அமலி மனநல டாக்டரைப் பார்க்கலாம் என்றாள். பயிற்சி கொடுத்தால் போகும் என்றாள். செண்பகவல்லி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், பேருந்தில் பக்கத்துச் சீட்டுக்காரர் பேச்சுக்குத் தலையாட்டுவதுபோல. பிறகு பையைத் துழாவிப் போனை எடுத்தாள்.

"நீ எனக்கு ஒரு ஒத்தாச செய்வியா? அந்தச் சொல்ல இதுல ஒரு தடவ பேசித் தா. அமுக்குனா வர்ற மாதிரி. உனக்குப் புண்ணியமாப் போவும்."

அதற்கு விதி எதுவும் இல்லை. அமலி போனை வாங்கினாள். ஆயிரம் தடவை சொன்ன சொல்தான். முதல் தடவை பாதியிலேயே நிறுத்திவிட்டாள். இரண்டாவது முயற்சியில் சரியாக வந்தது. மைக்கை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்று தெரியாமல் அவளே தடுமாறினாள்.

"மெதுவாப் பேசிட்டியே பிள்ள. மிக்சி ஓடயில கேக்குமா?"

"கேக்கும்க்கா."

கதவு தட்டப்பட்டது. பொன்னுத்துரை மருந்துப் பொட்டலத்தோடு நின்றார். முகத்தில் ஒரு கூச்சம், ஒரு கனிவு. உழைத்துச் சம்பாதித்த கனிவு. அதில் கள்ளம் எதுவும் இல்லை.

"செம்பகம், போவமா? களைப்பா இருந்தா இன்னும் கொஞ்ச நேரம் இரு."

அவள் எழுந்தாள். எழுந்த நிலையிலேயே நின்றாள். மார்பு உயர்ந்திருந்தது. வலது கை மட்டும் பைக்குள் போய் எதையோ தேடியது. தேடிக்கொண்டே இருந்தது. அமலி வாயைத் திறக்கப் போன நேரத்தில் பைக்குள்ளிருந்து சின்னதாக அமலியின் குரலே வந்தது.

"விடலாம்க்கா."

செண்பகவல்லி மூச்சை விட்டாள்.

"யாரு போன்ல?" என்றார் பொன்னுத்துரை.

"இந்த ஆஸ்பத்திரிப் பிள்ளதாங்க. தைரியத்துக்கு ஒரு வார்த்தை பேசிக் குடுத்துச்சு."

"நல்ல பிள்ளை," என்றார் அவர். அமலியைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு மனைவியின் தோளில் மெல்லக் கைவைத்து, அந்தக் குரலில், ஒரு பிசிறும் இல்லாமல் சொன்னார். "இனிமே உனக்கு ஒரு குறையும் இல்ல செம்பகம். நான் இங்கதான் இருக்கேன்."

அவளுடைய மார்பு மறுபடியும் உயர்ந்து நின்றது. கை பைக்குள் போயிற்று.